யாரும் செருப்பைத் தேடாத ஆட்டம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய கட்டுரை இது. எனக்கோ இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்த வேலையை விட்டு இறங்கி, அரசு வேலை கிடைத்து மலைக்குத் திரும்பி, இப்போது சித்திரபுரத்தில் மின்சார ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். இனி அந்த கேபினுக்குள் போகப்போவதில்லை. அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தானே.

போன வாரம் நிவேதா கூப்பிட்டாள். என் இடத்துக்கு ஆப்பரேட்டராக வந்தவள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்.

"அண்ணா, மறுபடியும் அந்த மாதிரிப் படம் வருதுங்க. காமிக்ஸ் புக்குல இருந்து எடுத்ததாமா. முழுக்கப் பொட்டி பொட்டியா இருக்குது. அன்னைக்கு நீங்களும் ஜீனத் அக்காவும் என்னமோ பண்ணுனீங்களாமா? கேண்டீன்ல இன்னமும் அதையேதான் பேசறாங்க."

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் அது அவளுக்கு மட்டும் எழுதுவதாக இல்லாமல் நீண்டுவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சித்தூர் காலேஜில் இடம் கிடைத்து மலையிறங்கினேன். சாயங்காலங்களில் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்க நின்றேன். பெரிய ஆப்பரேட்டர் கோயமுத்தூர் போனபோது மாடி கேபின் எனக்கு வந்தது. பயிற்சி என்று சொன்னால், அவர் செய்வதை அவ்வப்போது பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். கேண்டீன் நாச்சிமுத்து அண்ணன் என்னை 'தேவிகுளம்' என்றே கூப்பிட்டார். கடைசிவரை என் பெயர் அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் படம் சுருளாக வருவதில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வரும். அதை சர்வரில் ஏற்ற வேண்டும். திறப்பதற்கான சாவி தனியே மெயிலில் வரும். அது சொன்ன நேரத்துக்கு முன்னால் என்ன செய்தாலும் திறக்காது. பிறகு படத்தின் அகலத்துக்கு ஏற்ப லென்ஸ், திரையின் இரு பக்கத்துக் கறுப்புத் துணி, அப்புறம் சத்தம். காலி ஹாலில் சரியாக இருக்கும் சத்தம் ஆள் நிறைந்த ஹாலில் குறைந்துவிடும். உடம்புகள் சத்தத்தைக் குடித்துவிடும். இதையெல்லாம் எந்திரமே ஓரளவு பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளாத ஒன்று இடைவேளை. நம் படங்கள் இடைவேளையோடு வரும். வெளிநாட்டுப் படம் ஒரே மூச்சாக வரும். அதை எந்த இடத்தில் உடைப்பது என்று நாங்கள் முடிவு செய்து, சர்வரில் ஒரு குறி வைக்க வேண்டும். தப்பான இடத்தில் உடைத்தால் ஜனங்கள் வெளியே போய்க் கட்டஞ்சாயா குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள்.

குறி எங்கே என்று சொல்வது ஜீனத் அக்கா. தியேட்டரின் பாதிச் சொந்தக்காரர். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடையும் இந்தத் தியேட்டரும் இருந்தன. அத்தா மௌத்தான பிறகு தியேட்டர் அக்காவுக்கும், அவருடைய தாய்மாமன் காஜா முதலாளிக்கும் பொதுவாக வந்தது. கட்டடம், கரண்டு, ஆட்கள் எல்லாம் முதலாளி. எந்தப் படம் போடுவது என்பது மட்டும் அக்கா.

அக்கா படம் ஓடும்போது திரையைப் பார்க்க மாட்டார். பக்கவாட்டுக் கதவோரம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை பார்த்தபோது தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"செருப்பக் கேளு," என்றார்.

எங்கள் ஹாலில் ஆட்கள் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்வார்கள். வயல்வேலை, செங்கல் சூளை, நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை என்று வந்தவர்கள். படம் பிடிக்காமல் போனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். முதலில் கால் கீழே இறங்கும். இருட்டில் கால் செருப்பைத் தேடும். சிமெண்டுத் தரையில் ரப்பர் உரசும் அந்தச் சத்தம் ஒரு வரிசையில் தொடங்கி அடுத்த வரிசைக்குப் போகும். ஐந்து நிமிடத்தில் கதவு திறக்கும்.

வெளியே வருகிறவரிடம் படம் எப்படி என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. "கேட்டா 'நல்லாருக்குதுங்க'ம்பாங்க. நம்மூருக்காரங்க மூஞ்சிக்கு நேரா நல்லதுதான் சொல்லுவாங்க. செருப்பு பொய் சொல்லாது."

அந்தக் காமிக்ஸ் படத்தை அக்கா கோயமுத்தூரில் பார்த்துவிட்டு, அதே நாளில் இரண்டாவது தடவையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "புடிச்சுட்டேன், வர்ற வெள்ளிக்கிழம நம்ம ஹால்ல," என்றார். அந்த வாரம் ஒரு பெரிய நாயகனின் படமும் கிடைத்திருக்கும். முதலாளி அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

படம் தமிழில் டப் செய்யப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவன் ராத்திரியில் முகமூடி போட்டு ஊரைக் காக்கிறான். கதை அவ்வளவுதான். எடுத்திருந்த விதம்தான் வேறு. அச்சடித்த காகிதத்தில் தெரிவதுபோல முகங்களில் புள்ளி புள்ளியாக நிறம். திரை திடீரென நாலாக, ஆறாகப் பிரியும். ஒரு கட்டத்தில் அடிக்கிறவன், அடுத்ததில் வாங்குகிறவன், மூன்றாவதில் வெறும் கை. கதவு உடைந்தால் 'டமார்' என்று திரை நிறைய எழுத்து எழும்பி வந்து சிதறும். முகமூடி போட்ட பிறகு நாயகன் வாய் திறக்கவே மாட்டான். அவன் நினைப்பது ஒரு மஞ்சள் பெட்டிக்குள் எழுத்தாக வரும். தமிழிலேயே அழகாக எழுதியிருந்தார்கள்.

முந்தின ராத்திரியே சாவி திறந்துவிட்டதால், வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே காலி ஹாலில் அக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். நான் சிரித்த இடங்களில் அவரும் சிரித்தார். பாதியில் பெரிய சண்டை ஒன்று. "இங்க நிறுத்துவமாக்கா?" என்றேன். "நிறுத்து," என்றார். குறி வைத்தேன்.

நூன் ஷோவுக்கு நல்ல கூட்டம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை ஆறாகப் பிரிந்தது. கீழேயிருந்து ஒரு குரல்:

"ஏனுங்க ஆப்பரேட்டரு! திரை ஒடஞ்சு போச்சு பாருங்க!"

செல்போன் டார்ச்சுகள் என் கேபின் ஜன்னலை நோக்கித் திரும்பின. விசில். எந்திரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. படமே அப்படித்தான் என்று ஜன்னலிலிருந்து கையை ஆட்டினேன். யார் பார்த்தார்கள்! 'டமார்' வந்தபோது இன்னொருவர், "ஆளு பறக்கறான், செரி. எழுத்து எதுக்குப்பா கூடவே பறக்குது?" என்றார். ஹாலே சிரித்தது. அது படத்துக்கான சிரிப்பு இல்லை. இடைவேளைக்கு விளக்கைப் போட்டேன். பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

அக்கா கேபினில் என்னோடு இருந்தபோது காஜா முதலாளி படி ஏறி வந்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"ஜீனத்து, மேட்டினி ஓட்டிக்க. ஃபர்ஸ்ட் ஷோவும் ஓட்டிக்க. அதுக்கு நானே வந்து உக்காருறேன். இதே கததான்னா நாளைக்கு வேற படம். அதோட, இனிமே படம் புடிக்கற வேலைய நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மாமு," என்றார் அக்கா.

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் லென்ஸைத் துடைக்கும் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். படம் தேர்ந்தெடுப்பது அவருக்கு வெறும் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் காரணத்தையும் சொன்னார்.

"அத்தா கடையில பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் வரும். அதுல காமிக்ஸ் புக்கும் வரும். நான் இஸ்கூல்ல படிச்சது மலையாளம். அந்தப் பொட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னே தமிழெழுத்து படிச்சேன். கடைசிப் பக்கம் மட்டும் எப்பவும் கடுகு மடிச்சுப் போயிருக்கும். எத்தனையோ கதைக்கு எனக்கு முடிவு தெரியாது." பிறகு, "நீ இங்க இருந்து திரையத்தான் பாக்கற. மேட்டினிக்குக் கீழ போ. காதால பாரு," என்றார்.

படத்தைத் தொடங்கிவிட்டுக் கீழே போய் சீட்டுகளுக்கு நடுவே நடைவழியில் நின்றேன். செருப்புச் சத்தம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. இன்னொன்றும் காதில் விழுந்தது. மஞ்சள் பெட்டி வரும்போதெல்லாம் சிரிப்பு ஹால் முழுக்க வராமல் திட்டுத் திட்டாக வந்தது. இங்கே இருவர், அங்கே ஒருவர். சிரித்தவரின் பக்கத்திலிருப்பவர் அவரை விநோதமாகத் திரும்பிப் பார்க்கிறார்.

ஆறாவது வரிசையில் ஓர் அம்மா புருஷன் காதோரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் என்று பிறகு பெயர் தெரிந்தது, தையல் வேலை. புருஷன் ஆறுச்சாமி, கள்ளு இறக்குபவர்.

"'முகமூடிக்குள்ள வேர்க்குது. அத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க,'" என்று வாசித்தார் மயிலாத்தாள்.

"அதான! மரத்து மேல போனவனுக்குத்தான் அந்த வேர்வை தெரியும்," என்றார் ஆறுச்சாமி.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "ஏனம்மிணி, படம் பாக்க உடறீங்களா?"

மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டார். அடுத்த மஞ்சள் பெட்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. முன்வரிசைக்காரர் மெதுவாகத் தலையை மட்டும் திருப்பி, "என்னங்க எழுதியிருக்குது?" என்றார்.

"இப்ப மட்டும் வேணுமாக்கு?" என்றார் மயிலாத்தாள். ஆனால் வாசித்தார். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே. நான் குனிந்து பார்த்தேன். அவரைச் சுற்றியிருந்த கால்கள் எல்லாம் மடங்கியே இருந்தன.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, இவுகளுக்குப் பொட்டி பிடிக்காம இல்லக்கா. வாசிக்கத் தெரியல. பாதிப் பேரு மலையாளத்துல படிச்சவுக. வீட்ல பேசுறது தமிழு, எழுத்து மலையாளம். நாயகன் என்ன சொல்லுதான்னே தெரியாம உக்காந்திருக்காகக்கா."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "டேய், நம்ம ரெண்டு பேரும் காலி ஹால்ல உக்காந்து சிரிச்சோமே. நம்ம ரெண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியும்டா!"

இந்த எல்லையில்தான் இப்படி ஒன்று நடக்கும். தமிழ்ப் படத்துக்குத் தமிழர்கள் வந்து, தமிழ் எழுத்தைப் பார்த்து, திரை உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காலேஜில் சேர்ந்த புதிதில் மலையாள நோட்டீசுக்கு முன்னால் நான் இப்படித்தான் நின்றேன்.

மைக் வைத்து நானே வாசிக்கிறேன் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"மைக்குல ஒருத்தன் வாசிச்சா அது கிளாஸ் ரூமாயிரும். பக்கத்துல இருக்கறவங்க சொல்லணும். ஃபர்ஸ்ட் ஷோவுக்கு நீ டார்ச் எடுத்துட்டு வாசல்ல நில்லு. வரிசைக்கு வரிசை வாசிக்கிறவங்கள நடுவுல உக்கார வை."

இன்னொன்றும் சொன்னார். "இடைவேளைய மாத்து. சண்டையில வேண்டாம். அந்த வெத்துப் பொட்டியில நிறுத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் ஓர் இடம் உண்டு. நாயகனின் கூட மூட்டை தூக்கும் நண்பன் துறைமுகத்தில் செத்துக் கிடப்பான். சத்தமே இல்லை. மஞ்சள் பெட்டி வரும். உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காது.

"அந்தப் பொட்டியில ஒண்ணுமே இல்லியேக்கா. எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாக."

"கடைப் பொட்டலத்துல எண்ணெய் ஊறி எழுத்தழிஞ்ச பொட்டிகதான் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு," என்றார். நான் குறியை மாற்றினேன்.

மேட்டினி முடிந்து வந்த மயிலாத்தாளை அக்காவே போய் நிறுத்தினார். "இன்னொரு ஆட்டம் இருந்து பாக்கறீங்களாக்கா? எங்க விருந்தாளியா?"

"ஐயோ, ஊட்டுல மாவு கெடக்குதுங்க."

"மாவ நா ஆட்டிக்கறேன், நீ இரு," என்றார் ஆறுச்சாமி. அக்காவைப் பார்த்து, "எங்கூட்டுக்காரி தமிழ் மீடியமுங்க. கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் மருந்துச் சீட்டா இருந்தாலும் தெருவே இவளைத்தான் கூப்புடும்," என்றார். சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

ஃபர்ஸ்ட் ஷோவுக்கு நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "தமிழ் வாசிக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"ஏந்தம்பி, படத்துக்கு வந்தா பரீச்ச வெக்கறீங்களா?"

"பேசத்தான் தெரியுமுங்க. எழுத்தெல்லாம் மலையாளம்."

"நானு எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியமுங்க தம்பி. எந்தாபீசுக்குப் போனாலும் மலையாளத்துல ஃபாரம் நிரப்பத் தெரியாதவன்னு ஒதுக்கி நிறுத்துவாங்க. இங்கென்ன, நடு சீட்டா? குடுங்க, குடுங்க!"

அந்த மனிதரை நான் டார்ச் அடித்து, மாப்பிள்ளையை அழைத்துப்போவதுபோல அழைத்துப்போய் உட்கார வைத்தேன். ஒரு வரிசைக்கு ஆளே கிடைக்கவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், "நாங்க எழுத்துக் கூட்டித்தானுங்க படிப்போம், பரவால்லீங்களா?" என்றார்கள். பரவாயில்லை என்றேன். காஜா முதலாளி வழக்கம்போலக் கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருந்தார். மயிலாத்தாளை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்," என்றார் முதலாளி. அவரும் மலையாளம் படித்தவர்தான்.

படம் தொடங்கியது. முதல் மஞ்சள் பெட்டி வந்தபோது பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து தயங்கித் தயங்கிக் குரல்கள். ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். இருட்டில் சிரிப்பு. இரண்டாவது பெட்டியில் குரல்கள் கொஞ்சம் ஒன்றுசேர்ந்தன. திரை ஆறாகப் பிரிந்தபோது யாரும் என் ஜன்னலுக்கு டார்ச் அடிக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் அவர்களே ஓடினார்கள். முதல் 'டமார்' எழும்பியபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் கத்தினார்கள். அடுத்த 'டமார்' வந்தபோது அந்த வடிவத்தை அடையாளம் கண்டு, வாசிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கேபின் கண்ணாடி அதிர்ந்தது. சூளைப் பெண்கள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பெட்டி மறைந்துவிடும், அவர்கள் வரிசையே, "அப்பறம்? அப்பறம் என்ன?" என்று கேட்கும். பின்வரிசை முடித்துக் கொடுக்கும்.

அந்தக் காமிக்ஸை வரைந்தவரும் சரி, படம் எடுத்தவர்களும் சரி, தங்கள் வேலை இப்படி ஒரு ஹாலில் போய்ச் சேரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தை ஒருவர் தனியாக வாசிப்பதுபோல எடுத்த படத்தை எங்கள் ஜனங்கள் கூடி வாசித்தார்கள். அவ்வளவு வருஷம் கேபினில் இருந்து நான் பார்த்ததில் அதைவிட மேலான ரசிகர்களை எனக்குத் தெரியாது.

நண்பன் துறைமுகத்தில் விழுந்தான். மஞ்சள் பெட்டி வந்தது.

ஹால் முழுக்க வாய் திறந்தது. எங்கிருந்தும் ஒரு சொல்கூட வரவில்லை.

இருட்டில் ஒரு பெரியவர், "என்னம்மா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் சூளைப் பெண்களில் ஒருத்தி.

குறி வந்தது. படம் நின்றது. நான் விளக்கை மெதுவாக ஏற்றினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. சிலர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பப்ஸ் ஆறுது, ஒருத்தரையுங் காணோம்? கரண்டு கிரண்டு போயிருச்சா?" அப்புறம்தான் ஹால் சிரித்து மூச்சுவிட்டது.

இரண்டாம் பாதிக்கு நான் கேபினில் இருக்கவில்லை. பக்கவாட்டுக் கதவில் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடியிருந்தார். நானும் மூடிக்கொண்டேன். ஊரே வாசிக்கும் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் ரப்பர் உரசும் சத்தம் எங்கும் இல்லை. நடுவே கடைசி வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்த குரல் ஒன்று, "அந்தப் பொட்டியில என்னம்மா?" என்றது. கொஞ்சம் விட்டு, "மெதுவாப் படிம்மா, ஓடாத," என்றது. அக்காவின் உதடு லேசாக அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

நிவேதா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். சத்த மீட்டரைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போ. போய் நில்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது எங்கள் ஹாலில் நான் அதுவரை பார்க்காத ஒன்று நடந்தது. ஒருவராலும் உடனே வெளியே போக முடியவில்லை. தரை திரைப் பக்கம் சரிவானது. கத்தியதிலும் காலை ஆட்டியதிலும் செருப்புகள் எல்லாம் நழுவி முன்வரிசைகளுக்குப் போய்விட்டிருந்தன. ஆணும் பெண்ணும் குனிந்து சீட்டுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். "இது உங்களுதாங்க?" "எம்படது நீலவாருங்க!"

கடைசி வரிசையில் காஜா முதலாளி ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு மறு காலால் சீட்டுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் அவருக்காக முன்வரிசையில் குனிந்து பார்த்தார். நான் டார்ச்சோடு ஓடினேன்.

அக்கா மெதுவாக நடந்து வந்தார். படம் எப்படி என்று கேட்கவில்லை.

"மாமு, செருப்பு கெடச்சுதா?"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, சீட்டுக்கடியில் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன படம் புடிச்சிருக்க, ஜீனத்து?"